ஊருக்கொரு வெல்டர்

உழவுப் பருவத்தில் டிராக்டர்க் கலப்பையின் சட்டம் முறிந்தால், அதைப் பட்டணத்துக்குச் சுமந்து சென்று மீள்வதற்குள் நிலத்தின் ஈரம் காய்ந்துவிடுகிறது. உள்ளூரில் அரைகுறையாய்க் கற்றவனோ எல்லா இரும்பையும் ஒன்றாகவே பாவித்துப் பற்றவைப்பான். பம்பின் வார்ப்பிரும்புக் கூட்டை முன்னதாகச் சூடேற்றாமலும், பின்னர் மெதுவாக ஆறவிடாமலும் சாதாரணக் கம்பியால் ஒட்டினால், ஒட்டின் ஓரத்திலேயே பெரும்பாலும் மறுபடி விரிசல் காணும்.

இப்பேதங்களை முறையாகப் போதிப்பது அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களிலுள்ள வெல்டர் பிரிவாகும். எட்டாம் வகுப்புத் தேறி, 14 வயது நிரம்பியவர்கள் சேரலாம். பயிற்சிக் காலம் 1 வருஷம். வாயு வெல்டிங், மின்சார வெல்டிங், இரும்பு அறுத்தல் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. கறுப்புக் கண்ணாடியின்றிச் சுடரை நோக்கலாகாது, எண்ணெய்ப் பீப்பாயைச் சுத்தி செய்யாது பற்றவைத்தல் உயிருக்கே ஆபத்து என்பனவும் அங்கே பழக்கத்தில் வருகின்றன.

ஆதலால் நிலமுடைய விவசாயிகளும் கிராம அதிகாரிகளும் ஊருக்கு ஓர் இளைஞனையேனும் தேர்ந்தெடுத்து அனுப்புவார்களாக. அவனுக்குப் பிழைப்பு உண்டாகும். ஊருக்கு உழவு தவறாது.