இதோ வரப்போகிறது!

பிடித்த பாட்டில் அந்த ஒரு இடம் நெருங்கினாலே சிலருக்குக் கை மயிர் சிலிர்த்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து அதையே கேட்பவர் கொட்டாவி விடுவார்.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சிலிர்ப்பை அளந்து பார்த்தார்கள். கேட்டால் புல்லரிக்கும் என்று அவரவர் சொன்ன இசையை அவரவரே கொண்டுவர வேண்டும். பாட்டு வரிகள் கூடாது, வாத்திய இசை மட்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு இசையும் வேண்டுமே? அதற்குச் செய்த ஏற்பாடுதான் சுவாரசியம். ஒருவர் உருகிப்போகும் இசையையே, அதில் மனம் ஒட்டாத இன்னொருவருக்குப் போட்டார்கள். ஒருவருக்குத் தேன், மற்றவருக்கு வெறும் ஓசை!

முடிவு 2011-இல் 'நேச்சர் நியூரோசயன்ஸ்' இதழில் வெளியானது. பிடித்த இசை கேட்கும்போது மூளையில் டோபமின் சுரக்கிறது. ருசியான சாப்பாட்டின் இன்பத்திலும் பங்குள்ள அதே வேதிப்பொருள்தான்.

அதுவும் இரண்டு தவணையாக. இசை உச்சத்தைத் தொடும்போது மூளையின் ஒரு பகுதியில் சுரக்கிறது. அதற்குச் சில நொடி முன்பே, இதோ வரப்போகிறது என்று காது காத்துக்கிடக்கும்போது, வேறொரு பகுதியில் சுரந்துவிடுகிறது. பாயசம் இலைக்கு வருமுன்பே நாக்கு ஊறுகிற கதைதான்.