பச்சையும் பொன்னும் – 17: இருநூறாவது பெயர்

கோல்டனைப் பற்றிப் போன வாரமே எழுதியாகிவிட்டது. 2025 டிராஃப்டில் 23-வது இடம், 40 கெஜத்துக்கு 4.29 விநாடி, 2002-ல் ஜாவோன் வாக்கருக்குப் பிறகு கிரீன் பே பேக்கர்ஸ் முதல் சுற்றில் எடுத்த முதல் ரிசீவர், நல்ல தேர்வு. அவ்வளவுதான். மறந்தவர்கள் பழைய இதழை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் ஏழு பேர். இந்த வாரம் ஏழு பேரையும் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தேன்.

இரண்டாம் சுற்றில் 54-வது ஆளாக வந்தவர் ஆன்டனி பெல்டன். நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் இடது டேக்கிள். ஆறடி ஆறங்குலம், 150 கிலோவுக்கு மேல். மார்ச் மாதம்தான் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஏரன் பேங்க்ஸைப் பெரும் பணம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். அதற்குள் முன்வரிசைக்கு இன்னோர் ஆள் எதற்கு என்று நிறையப் பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஜனவரியில் பிலடெல்பியாவிடம் 22–10 என்று தோற்ற ஆட்டத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். ஜோர்டன் லவ் எறிந்த பந்துகளில் மூன்று எதிரணிக் கைக்குப் போயின. நிதானமாக நின்று எறிய நேரம் கிடைக்காத குவார்ட்டர்பேக்குக்கு எத்தனை வேகமான ரிசீவரைக் கொண்டுவந்து கொடுத்தாலும் பயனில்லை. தவிர, 2025-ல் இடது டேக்கிளாக ஆடிய ரஷீத் வாக்கரின் ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிவதாக இருந்தது. அடுத்த வருடம் தேடுவதைவிட இந்த வருடம் எடுத்துப் பழக்குவது மேல். பெல்டனை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

மூன்றாம் சுற்றில் 87-வதாக டி.சி.யு.வின் சேவியன் வில்லியம்ஸ். ரிசீவர்தான், ஆனால் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு நேராக ஓடவும் தெரிந்தவர். முதல் மூன்று சுற்றும் தாக்குதல் அணிக்கே போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதைப் பிறகு பேசலாம்.

நான்காம் சுற்று பேரின் சோரெல், 124-வது. இவர் டெக்சாஸில் கோல்டனோடு ஆடியவர். எதிரணி குவார்ட்டர்பேக்கைத் துரத்துகிற டிஃபென்ஸிவ் எண்ட். இந்த முறை டிராஃப்ட் நடந்ததே கிரீன் பேயில், லாம்போ அரங்கின் வெளியே என்பது உங்களுக்குத் தெரியும். அழைக்கப்பட்ட இளைஞர்கள் முதல் நாள் கோட்டு சூட்டோடு வந்து உட்காருவார்கள். முதல் சுற்றில் பெயர் வராதவர்கள் பெரும்பாலும் இரண்டாம் நாளோடு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சோரெல் போகவில்லை. வியாழன் உட்கார்ந்தார், வெள்ளி உட்கார்ந்தார், சனிக்கிழமையும் வந்தார். சனிக்கிழமை அவர் பெயரைக் கூப்பிட்டது அந்த ஊர் அணியே. மேடைக்கு அவர் நடந்து வந்தபோது எழுந்த கூச்சல், முதல் நாள் முதல் தேர்வுக்குக்கூட எழுந்திருக்காது. மூன்று நாள் காத்திருக்கத் தெரிந்தவரை அந்த ஊர் லேசில் மறக்காது.

ஐந்தாம் சுற்றில் காலின் ஆலிவர், 159. போன பருவத்தின் பெரும்பகுதியைப் பாதக் காயத்தால் இழந்தவர். ஆறாம் சுற்றில் ஜார்ஜியாவின் வாரன் பிரின்சன், 198.

இந்த 198-ல்தான் இந்த வாரம் முழுக்க மாட்டிக்கொண்டேன்.

பிரின்சன் டிஃபென்ஸிவ் டேக்கிள். 2021, 2022 பருவங்களில் ஜார்ஜியா தேசியப் பட்டம் வென்றபோது அந்த அணியில் இருந்தவர். அவரைப் பற்றிக் குறிப்பெடுக்கப் பழைய பட்டியல்களைப் புரட்டினேன். 198-க்கு அடுத்த எண் 199. கால்பந்து பார்க்கிற எல்லோருக்கும் அது மனப்பாடம்: 2000-ம் ஆண்டு, நியூ இங்கிலாந்து, டாம் பிரேடி. அவருக்கு முன்னால் 198 பேரை எடுத்தார்கள் என்பதை அமெரிக்காவில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டார்கள். அதற்கும் அடுத்த எண்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 200. 1956-ம் ஆண்டு, பதினேழாவது சுற்று, கிரீன் பே பேக்கர்ஸ், பார்ட் ஸ்டார்.

பிரேடிக்கு ஏழு சூப்பர் பவுல். ஸ்டாருக்கு 1961-க்கும் 1967-க்கும் இடையில் ஐந்து என்.எஃப்.எல். பட்டங்கள், முதல் இரண்டு சூப்பர் பவுல்களிலும் ஆட்ட நாயகன் அவரே. அடுத்தடுத்த இரண்டு எண்கள், பன்னிரண்டு பட்டங்கள்! இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது டிராஃப்டில் ஏழு சுற்றுதான். 2025-ல் மொத்தம் 257 பேர். 1956-ல் முப்பது சுற்று; பன்னிரண்டு அணிகள், 360 பெயர்கள். பதினேழாவது சுற்று வரும்போது அறையில் இருப்பவர்களுக்கே அலுத்துப்போயிருக்கும். தொலைக்காட்சி இல்லை, ஓட்ட வேகத்தை விநாடி முள்ளில் அளக்கும் கம்பைன் முகாம் இல்லை. அப்படியொரு நேரத்தில் ஸ்டாரின் பெயரை ஒருவர் ஏன் சொன்னார்?

ஸ்டாரின் கல்லூரிக் கணக்கைப் பார்த்தால் சொல்லவே கூடாது. அலபாமாவில் முதல் இரண்டு வருடம் நன்றாக ஆடினார். மூன்றாம் வருடம் முதுகில் அடி. பயிற்சியில் பந்தை உதைக்கும்போது ஏற்பட்டது என்றே பல காலம் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மூத்த மாணவர்கள் சடங்கு என்ற பெயரில் துடுப்புக் கட்டையால் அடித்ததில் வந்த காயம் அது என்று அவர் மனைவி செர்ரி 2016-ல்தான் வெளியே சொன்னார். அறுபது வருடத்துக்கும் மேலாக அந்த மனிதர் அதை மூடியே வைத்திருந்தார். கடைசி வருடம் புதிய பயிற்சியாளர் வந்தார். இளையவர்களை ஆடவிட்டு ஸ்டாரைப் பெரும்பாலும் ஓரத்தில் உட்காரவைத்தார். அந்தப் பருவத்தில் அலபாமா பத்து ஆட்டம் ஆடிப் பத்திலும் தோற்றது. ஒரு வெற்றிகூட இல்லாத அணியில், அதிலும் இடம் கிடைக்காத குவார்ட்டர்பேக்!

அவரைச் சிபாரிசு செய்தவர் கால்பந்துக்காரரே இல்லை. அலபாமாவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜானி டீ. அவருக்குக் கிரீன் பேயில் ஒரு நண்பர், ஜாக் வைனிசி. இந்தப் பையனைப் பாருங்கள் என்று டீ சொன்னார், வைனிசி காதில் போட்டுக்கொண்டார். அந்தப் பேச்சுதான் பதினேழாவது சுற்றில் ஒரு பெயராக மாறியது. ஸ்டார் அந்தக் கோடையை மாமனார் வீட்டில் கழித்தார். கொல்லைப்புறத்தில் ஒரு டயரைத் தொங்கவிட்டு அதன் துளை வழியே பந்தை எறிந்து எறிந்து பழகிக்கொண்டு அணிக்கு வந்து சேர்ந்தார்.

அதே டிராஃப்டில் பேக்கர்ஸின் முதல் தேர்வு ஜாக் லாஷ். 1947-ல் நடந்த முதல் லிட்டில் லீக் பேஸ்பால் தொடரில் வென்ற சிறுவர் அணியில் ஆடியவர். பேக்கர்ஸுக்கு ஒரே பருவம் ஆடினார், பிறகு விமானப்படைக்குப் போய்விட்டார். எட்டாவது இடத்தில் எடுத்தவர் ஒரு வருடம், 200-வது இடத்தில் எடுத்தவர் பதினாறு வருடம். டிராஃப்ட் முடிந்த இரவே ஒவ்வோர் அணிக்கும் மதிப்பெண் போட்டு அச்சடிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஏன் கோபம் வருகிறது என்பது இப்போது புரிந்திருக்கும். 1956-ல் அவர்கள் போட்டிருக்கக்கூடிய மதிப்பெண்ணில் ஸ்டாருக்கு ஒரு புள்ளிகூட இருந்திருக்காது.

ஜாக் வைனிசியைப் பற்றி இதுவரை எழுதாமல் விட்டிருக்கிறேன். இனி அவரைச் சொல்லாமல் நகர முடியாது. சிகாகோக்காரர். நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவரை ராணுவம் அழைத்தது. ஜப்பானில் பணியில் இருந்தபோது வாதக் காய்ச்சல் வந்து இதயத்தைப் பழுதாக்கியது. ஆட்டம் அதோடு போயிற்று. 1950-ல் இருபத்து மூன்று வயதில் பேக்கர்ஸுக்கு ஸ்கவுட்டாக வந்தார். நாடு முழுக்க இருந்த கல்லூரிப் பயிற்சியாளர்களிடம் விசாரித்து விசாரித்துத் தடித்த நோட்டுகளை நிரப்பினார். அவர் இருந்த வருடங்களில் டிராஃப்டில் வந்தவர்களைப் பாருங்கள்: 1953-ல் ஏழாம் சுற்றில் ஜிம் ரிங்கோ, 1956-ல் ஃபாரஸ்ட் கிரெக், ஸ்டார், 1957-ல் பால் ஹார்னங், 1958-ல் ஒரே டிராஃப்டில் ஜிம் டெய்லர், ரே நிட்ச்கி, ஜெர்ரி கிராமர். ஏழு பேரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

இத்தனை பேர் வந்துசேர்ந்த 1958-ல் அணி எப்படி ஆடியது? ஒரு வெற்றி, பத்துத் தோல்வி, ஒரு சமன். கிரீன் பேயின் வரலாற்றிலேயே படுமோசமான பருவம் அது. அடுத்த வருடம் வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக வந்தார். அவரைக் கொண்டுவந்ததிலும் வைனிசிக்குப் பங்கு உண்டு. அதே ஆட்கள்தான், மூன்றே வருடத்தில் நாட்டின் சாம்பியன்கள்.

வைனிசி அதைப் பார்க்கவில்லை. 1960 நவம்பரில், முப்பத்து மூன்று வயதில், அந்தப் பழைய இதய நோயில் இறந்துபோனார். அடுத்த மாதமே பேக்கர்ஸ் இறுதி ஆட்டத்துக்குப் போனது. 1961-ல் நியூயார்க் ஜயன்ட்ஸை 37–0 என்று நொறுக்கிப் பட்டத்தை எடுத்தது. 1967 டிசம்பர் 31-ம் தேதி நடந்த ‘ஐஸ் பவுல்’ ஆட்டம் எல்லோருக்கும் தெரியும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி செல்சியஸ், டல்லாஸுக்கு எதிராக 21–17. கடைசி விநாடிகளில் பந்தைத் தானே சுமந்து கோட்டுக்குள் விழுந்தவர் ஸ்டார், முன்னால் வழிதிறந்தவர்களில் ஒருவர் கிராமர். 200-வது தேர்வும் 39-வது தேர்வும்! இரண்டும் வைனிசி நோட்டுப் போட்ட காலத்துப் பெயர்கள், அவர் இறந்து ஏழு வருடத்துக்குப் பிறகு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜாக்கின் தம்பி ஜெர்ரி வைனிசி. 1985 பருவத்தில் சூப்பர் பவுல் வென்ற சிகாகோ பேர்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் அவர்தான். கிரீன் பேயின் ஜென்ம வைரிகள்! அண்ணன் இந்தப் பக்கம் கட்டியதை விட்டுவிட்டுத் தம்பி அந்தப் பக்கம் கட்டியிருக்கிறார். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேரிடமிருந்து, மோதிக்கொண்டே இருக்கும் இரண்டு அணிகளும் வாங்கியிருக்கின்றன.

ஒரு லட்சம் பேரைச் சற்றே தாண்டிய ஊர் கிரீன் பே. பெரிய முதலாளி யாரும் கிடையாது; 1923 முதல் ஊர்மக்களே பங்குதாரர்கள். ஸ்டாரை எடுத்த அதே 1956-ல் அந்த ஊர் ஓட்டுப் போட்டு, கடன்பத்திரம் வெளியிட்டு அரங்கம் கட்ட முடிவு செய்தது. அதுதான் பிறகு லாம்போ ஆயிற்று. நியூயார்க், சிகாகோவோடு பணத்தில் மோத முடியாத ஊருக்கு 1936-ல் தொடங்கிய டிராஃப்ட் முறைதான் பிடிமானம். அந்தப் பிடிமானத்தையும் காப்பாற்றுவது முதல் சுற்று மட்டும் இல்லை. மேலே சொன்ன ரஷீத் வாக்கர் 2022-ல் எத்தனையாவது தெரியுமா? 249. ஏழாம் சுற்று. லவ்வின் முதுகுப்புறத்தை 2025 பருவத்தில் காத்தது அவர்தான்.

அதனால்தான் இந்த வருடத்தின் கடைசி இரண்டு பேரையும் தள்ளிவிட மாட்டேன். துலேனின் மைகா ராபின்சன் 237, சின்சினாட்டியின் ஜான் வில்லியம்ஸ் 250. இதில் ராபின்சன்தான் இந்த டிராஃப்டில் எடுத்த ஒரே கார்னர்பேக். கார்னர்பேக் ஜெயர் அலெக்சாண்டர் இருப்பாரா போவாரா என்று அப்போது தெரியாத நிலையில் அந்த இடத்துக்கு ஏழாம் சுற்று வரை காத்திருந்தது ஜெனரல் மேனேஜர் பிரையன் குட்டகுன்ஸ்ட் செய்த பெரிய தவறு என்பது என் கருத்து. அதற்கு ஒரு முழு வாரம் வேண்டும். ஆலிவரின் பாதக் காயமும் பிரின்சனின் ஆட்டமும் அதோடு சேர்ந்து வரும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். மதிப்பெண் பட்டியல்களை ஒதுக்கிவிட்டு இந்த எட்டுப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: கோல்டன், பெல்டன், சேவியன் வில்லியம்ஸ், சோரெல், ஆலிவர், பிரின்சன், ராபின்சன், ஜான் வில்லியம்ஸ். 2028 பருவம் தொடங்கும்போது அந்தத் தாளை எடுத்து நீங்களே மதிப்பெண் போட்டு எனக்கு எழுதுங்கள்.

(தொடரும்)