தொலைவும் ஒளியும்
டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் வாங்க விரும்பும் அன்பர்களுக்கு

காமிரா இல்லாத வீடு இன்று இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆளுக்கொரு கைபேசி, கைபேசிக்குள் ஒரு காமிரா. பக்கத்தில் நிற்பவரைப் படம் பிடிக்க அதுவே போதும். ஆனால் எட்ட இருக்கும் ஒன்றை, கிட்டச் சென்றால் பறந்துவிடும் ஒன்றை, படத்தில் அடக்க வேண்டும் என்ற ஆசை எழுந்தால் கைபேசி நம்மைக் கைவிட்டுவிடுகிறது. அப்பொழுதுதான் டெலிபோட்டோ ஜூம் லென்ஸ் என்ற பேச்சு வீட்டில் தொடங்குகிறது. விலையைக் கேட்டவுடன் அப்பேச்சு ஒரு குடும்ப ஆலோசனையாகவே மாறிவிடுகிறது.

தில்லியில் வாழும் எங்கள் நண்பர் குழுவில் ஒருவர், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, வந்த தொகையில் ஒரு பகுதியை ஒதுக்கி 150-600 மி.மீ. லென்ஸ் ஒன்றை வாங்கினார். மார்கழிக் குளிரில் ஓக்லாப் பறவைகள் சரணாலயத்துக்குச் சென்று அவர் எடுத்து வந்த படங்களைக் கண்டு நாங்கள் வியந்தோம். இரண்டு மாதம் சென்றது. அவருடைய பேத்தி சங்க மேடையில் முதன்முறையாக நாட்டியம் ஆடினாள். கும்பகோணத்தில் இருக்கும் தம் தாயாருக்குத் தொண்ணூறு வயது. பயணம் செய்ய இயலாது. அந்த அம்மையாருக்கு அனுப்புவதற்காக நண்பர் அதே லென்ஸுடன் மண்டபத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து நூற்றுக்கணக்கில் படம் எடுத்தார். வீட்டிற்கு வந்து பார்த்தால் ஒன்றிலேனும் குழந்தையின் முகம் தெளிவாக இல்லை. கை ஆடிய இடமெல்லாம் வெறும் கோடுகள். “இவ்வளவு பணம் கொடுத்தும் ஏன் இப்படி?” என்று அவர் கேட்டார். அக்கேள்விக்கு நாங்கள் விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

மில்லிமீட்டர் சொல்வது என்ன?

லென்ஸின் மேல் பொறித்திருக்கும் 70-300, 150-600 என்ற எண்கள் அதன் குவியத் தூரத்தை மில்லிமீட்டரில் குறிப்பவை. ஜூம் லென்ஸில் இத்தூரத்தை வேண்டியவாறு மாற்றிக் கொள்ளலாம். எண் பெரிதாகப் பெரிதாகக் காட்சியின் பரப்புக் குறுகும். பொருளின் உருவம் பெருகும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். வெண்தொண்டை மீன்கொத்தி ஏறத்தாழ 28 செ.மீ. நீளம் உள்ளது. அது நம்மிடமிருந்து 28 மீட்டர் தொலைவில் ஒரு கிளையில் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். 300 மி.மீ. லென்ஸில் அதன் உருவம் காமிராவின் உணரியின் மீது 3 மி.மீ. நீளத்தில் விழும், 600 மி.மீ. லென்ஸில் 6 மி.மீ. நீளத்தில் விழும். முழுச் சட்ட உணரியின் அகலம் 36 மி.மீ. ஆதலின் முன்னதில் பறவை படத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, பின்னதில் ஆறில் ஒரு பங்கு. ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சிறிய உணரியின் அகலம் சுமார் 24 மி.மீ. மட்டுமே. அதில் அப்பறவை எட்டில் ஒரு பங்காகவும் நான்கில் ஒரு பங்காகவும் தோன்றும். சிறிய உணரி உள்ள காமிராவில் 300 மி.மீ. லென்ஸ் 450 மி.மீ. லென்ஸ் போல வேலை செய்கிறது என்று கடைக்காரர்கள் கூறுவதன் பொருள் இதுவே. லென்ஸ் மாறவில்லை, படத்தின் ஓரங்கள்தாம் வெட்டப்படுகின்றன.

துவாரம் என்னும் வாசல்

பலரும் மில்லிமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். அதற்கு அருகில் எஃப்/2.8, எஃப்/5.6, எஃப்/6.3 என்று ஓர் எண் இருக்கும். ஒளி நுழையும் வாசலின் அளவை அது காட்டுகிறது. எண் சிறிதானால் வாசல் பெரிது. எஃப்/2.8 லென்ஸ், எஃப்/5.6 லென்ஸைப் போல் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும்.

குவியத் தூரத்தை இவ்வெண்ணால் வகுத்தால் வாசலின் விட்டம் கிடைக்கும். 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ.; சிக்மா, டாம்ரான் கம்பெனிகளின் 150-600 லென்ஸ்களில் முன்புறக் கண்ணாடி ஏன் அவ்வளவு பெரிது என்பது இதனால் விளங்கும். 400-ஐ 8-ஆல் வகுத்தால் 50 மி.மீ. மட்டுமே. எனவேதான் 2021-ல் கானன் வெளியிட்ட ஆர்.எஃப். 100-400 மி.மீ. லென்ஸ் 635 கிராம் எடையோடு ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடுகிறது. அதன் எளிமைக்கு நாம் கொடுக்கும் விலை ஒளியே.

நண்பருக்கு நேர்ந்தது இதுதான். மேடை விளக்கில் எஃப்/2.8 துவாரமும் ஐ.எஸ்.ஓ. 3200-ம் இருந்தால், விநாடியில் 500-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தால் போதும் என்று வைத்துக் கொள்வோம். அவருடைய லென்ஸ் அத்தொலைவில் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. அதே ஐ.எஸ்.ஓ.வில் ஷட்டர் 125-ல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டியதாயிற்று. அந்த நேரத்திற்குள் குழந்தையின் கை ஓரிடம் விட்டு இன்னோரிடம் போய்விட்டது. யமுனைக் கரையின் காலை வெயிலில் குறையாகத் தெரியாத ஒன்று, மண்டபத்தின் விளக்கொளியில் பெருங்குறையாகிவிட்டது.

அதிர்வுத் தடுப்பு எதைத் தடுக்கும்?

“இதில் அதிர்வுத் தடுப்பு இருக்கிறதே?” என்று நண்பர் கேட்டார். ஐ.எஸ்., வி.ஆர்., ஓ.எஸ்., வி.சி. என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயரிட்டு வழங்குவது ஒரே உபாயத்தைத்தான். லென்ஸுக்குள் இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதி நம் கை நடுக்கத்திற்கு எதிராக நகர்ந்து உருவத்தை நிலைநிறுத்துகிறது. 1995-ல் கானன் வெளியிட்ட 75-300 மி.மீ. லென்ஸே எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்கு இவ்வசதியுடன் வந்த முதல் லென்ஸ்.

இது இல்லாத காலத்தில், 300 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் 300-ல் ஒரு விநாடியினும் மெதுவாக இருத்தலாகாது என்பது விதியாக இருந்தது. இன்று கை உறுதியாக உள்ளவர் 20-ல் ஒரு விநாடியிலும் கூர்மையான படம் பெற முடிகிறது. ஆனால் அது நம் கையின் நடுக்கத்தை மட்டுமே அடக்கும். பறவையின் சிறகையும் குழந்தையின் கையையும் நிறுத்திவைக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. பறக்கும் பறவைக்கு 2000-ல் ஒரு விநாடி வேண்டும் என்றால் வேண்டியதுதான்.

மூன்று வகை லென்ஸ்கள்

நம் போன்ற பொழுதுபோக்குப் படக்காரர்களுக்கு ஏற்றவற்றை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, இலேசானவை. கானன் 55-250 மி.மீ. எஸ்.டி.எம். லென்ஸின் எடை 375 கிராம், நிக்கானின் ஏ.எஃப்-பி டி.எக்ஸ். 70-300 மி.மீ. 415 கிராம்; சோனியின் 70-350 மி.மீ. 625 கிராம். ரயில் பிரயாணத்திற்கும், குழந்தைகளின் பள்ளி விளையாட்டு விழாவிற்கும், வெயிலில் அமர்ந்திருக்கும் பறவைக்கும் இவை மிகப் பொருத்தம். முதலிரண்டும் பழைய எஸ்.எல்.ஆர். காமிரா வைத்திருப்போருக்கு உரியவை. பிறர் உபயோகித்த நிலையிலும் மலிவாகக் கிடைக்கும். ஏ.எஃப்-பி லென்ஸ்கள் நிக்கானின் பழைய காமிராக்கள் சிலவற்றில் தாமே குவியா என்பதை மட்டும் முன்கூட்டி விசாரித்துக் கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை, 70-200 மி.மீ. எஃப்/2.8. மேடைக்கும் மணவறைக்கும் ஏற்றது இதுவே. எஸ்.எல்.ஆர். காமிராக்களுக்கு வந்தவை ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை கொண்டவை. கானனின் ஆர்.எஃப். லென்ஸும் (2019) சோனியின் இரண்டாம் பதிப்பும் (2021) ஏறத்தாழ ஒரு கிலோவுக்கு இறங்கிவிட்டன. விலையோ முதல் வகையைப் போல் பன்மடங்கு. பறவைக்கு இதன் நீளம் பெரும்பாலும் போதாது.

மூன்றாம் வகை, பறவை ஆர்வலர் விரும்பும் பெரியவை. சிக்மாவின் 150-600 கண்டெம்பரரி 1,930 கிராம். நிக்கானின் 200-500 மி.மீ. (2015) 2,300 கிராம். சோனியின் 200-600 மி.மீ. (2019) 2,115 கிராம். 2023-ல் நிக்கான் 180-600 மி.மீ. லென்ஸையும், கானன் 200-800 மி.மீ. லென்ஸையும் வெளியிட்டன. நிக்கான் 200-500 எந்த நீளத்திலும் எஃப்/5.6 திறக்கும், எஃப்/6.3-ஐக் காட்டிலும் ஏறத்தாழக் கால் பங்கு ஒளி அதிகம். ஆனால் 500-உடன் நின்றுவிடும். சோனி 200-600, நிக்கான் 180-600 இரண்டும் ஜூம் செய்யும்போது நீளா. ஆதலின் கையில் சமநிலை மாறுவதில்லை. கானன் 200-800 மிக எட்டும். ஆயின் 800 மி.மீட்டரில் துவாரம் எஃப்/9 மட்டுமே. வெயில் தாழ்ந்தால் அது திணறும்.

1959-ல் ஜெர்மனியின் வோய்க்லாண்டர் கம்பெனி 36-82 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றை வெளியிட்ட காலத்தோடு ஒப்பிட்டால் இன்றைய அமெச்சூரின் செல்வம் பெரிது. எனினும் கருவி மட்டுமே கலையாகாது. அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912-1996) தாமே பல பாகங்களைப் பொருத்தி அமைத்த காமிராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையில், இந்தியக் காடுகளின் யானைகளைப் படம் பிடித்தார். அவரிடம் மிகுதியாக இருந்தது பொறுமை.

வாங்குமுன்பும் வாங்கிய பின்பும்

இரண்டு கிலோ என்பது கடையில் கனப்பதில்லை, காட்டில் கனக்கும். ஆகவே வாங்குமுன் ஒருநாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். தில்லி, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களில் லென்ஸ்கள் நாள்வாடகைக்குக் கிடைக்கின்றன. சுல்தான்பூர் ஏரியை ஒருமுறை சுற்றி வந்தால் உங்கள் தோள் உண்மையைச் சொல்லிவிடும். பரத்பூரில் சைக்கிள் ரிக்ஷாவில் அமர்ந்தபடியே படம் எடுக்கலாம். ஆதலின் அங்கே எடை அவ்வளவாக உறுத்துவதில்லை.

தில்லியில் இருப்போர் சாந்தினி சௌக்கில் கூச்சா சௌத்ரி கடைவீதியை அறிவர். எங்கு வாங்கினாலும் பில்லும் இந்திய உத்தரவாதச் சீட்டும் கேட்டு வாங்குங்கள். பழைய லென்ஸானால், ஒரு பக்கம் டார்ச் விளக்கை அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதைத் தொடாது வந்துவிடுங்கள். பூஞ்சை முற்றினால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும்.

மும்பை, கல்கத்தாவில் வாழும் அன்பர்களுக்கு மழைக்காலமே பெரும் சத்துரு. தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவது பூஞ்சைக்குப் பால் வார்ப்பதாகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, அவற்றை அவ்வப்போது மாற்றுங்கள். ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருப்பது நலம். எல்லாவற்றினும் மேலான காப்பு, லென்ஸை அடிக்கடி வெளியே எடுத்து உபயோகிப்பதே.

ஒன்று சொல்ல வேண்டும். நீர்ப்பரப்பின் மேல் வெயில் ஏறிவிட்டால் காற்றே அலையாடும். மூடுபனியானால் எதிரில் இருப்பதே தெரியாது. எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் இவற்றை ஊடுருவாது. பனி விலகி வெப்பம் ஏறுமுன் உள்ள இடைவேளையே படக்காரரின் நல்ல முகூர்த்தம்.

முடிவு

நண்பர் தம் பெரிய லென்ஸை விற்கவில்லை. அதன் வேலை வேறு என்று தெளிந்துகொண்டார். அடுத்த நவராத்திரி விழாவில் பேத்தி மீண்டும் ஆடியபோது, 70-200 எஃப்/2.8 ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, கடைசி வரிசையை விட்டு நான்காம் வரிசைக்கு வந்து அமர்ந்தார். நல்ல படம் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுக் கும்பகோணத்திற்கு அனுப்பினார். “குழந்தை கண்ணுக்கு மை இட்டிருப்பது கூடத் தெரிகிறதே!” என்று அந்த அம்மையார் தொலைபேசியில் கூறினாராம்.

குளிர்காலம் வந்தால் அவர் சுல்தான்பூருக்குப் போகிறார். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளை 600 மி.மீட்டரில் பிடிக்கிறார். அவ்வினத்தைச் சேர்ந்தவை சில நம் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் வரை செல்கின்றன என்று பேத்திக்குச் சொல்லவும் தவறுவதில்லை.

ஆகவே அன்பர்களே, ‘எது சிறந்த லென்ஸ்?’ என்று கடைக்காரரைக் கேட்குமுன், ‘யாருக்காக, எந்த ஒளியில், எவ்வளவு தொலைவிலிருந்து எடுக்கப் போகிறோம்?’ என்று வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். விடை கிடைத்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.