முதல் நாளே திணறிய அரசு இணையதளம்: தலைமைக்கு என்ன பாடம்?

மக்கள் சேவைக்காக ஒரு புதிய இணையதளம் திறக்கப்படுகிறது. லட்சக்கணக்கானோர் உள்ளே போகப் பார்க்கிறார்கள். அன்றைய நாள் முடிவில் முழுமையாகப் பதிவு செய்ய முடிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 6 பேர்!

இது 2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்காவில் நடந்தது. தளத்தின் பெயர் ஹெல்த்கேர் டாட் கவ். மருத்துவக் காப்பீடு இல்லாத குடும்பங்கள் பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்த்து வாங்குவதற்காக அந்நாட்டு மத்திய அரசு உருவாக்கியது. அப்போது 36 மாநில மக்களுக்கு இதுதான் முக்கிய வழியாக இருந்தது. ஜனவரி 1 முதல் காப்பீடு கிடைக்க வேண்டுமானால் டிசம்பருக்குள் பதிவு செய்தாக வேண்டும். தளம் முடங்கினால், சிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒருவரின் நாட்களும் வீணாகும்.

சரி, என்னதான் ஆச்சு?

ஐம்பதுக்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் வேலை பார்த்தன. ஆனால் "மொத்தத்துக்கும் யாருப்பா பொறுப்பு?" என்று கேட்டால் தெளிவான பதில் இல்லை. எல்லாப் பகுதிகளையும் இணைத்துப் பார்க்கும் முழுச் சோதனை, கடைசி இரண்டு வாரங்களில்தான் நடந்தது. பாலிசி விலையைப் பார்ப்பதற்கே முதலில் கணக்கு தொடங்க வேண்டும் என்று வைத்ததால், வந்த கூட்டமெல்லாம் அந்த ஒரே வாசலில் நெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தளம் தயாராக இல்லை என்ற எச்சரிக்கைகள் திறப்புக்கு முன்பே வந்திருந்தன. கீழே இருந்தவர்களுக்குப் பிரச்சினை தெரியும். அந்தக் கெட்ட செய்தி, முடிவெடுக்கும் மேசைக்குப் போய்ச் சேரவில்லை, போனதும் எடுபடவில்லை. தேதி குறித்தாச்சு, திறந்துதான் ஆகணும் என்ற நிலை.

பொறுப்பேற்றல்

அக்டோபர் 30 அன்று நாடாளுமன்றக் குழு முன் வந்த சுகாதாரத்துறை அமைச்சர் கேத்லீன் செபிலியஸ், இந்தக் குளறுபடிக்குத் தானே பொறுப்பு என்றார். நவம்பரில் அதிபர் ஒபாமாவும் பொறுப்பைத் தன் மேல் ஏற்றுக்கொண்டார். மேலே இருப்பவர் பழியை ஏற்றுக்கொண்டால், கீழே இருப்பவர் பயமில்லாமல் உண்மையைச் சொல்வார்.

மீட்டது எப்படி?

சீரமைப்புக்கு ஜெஃப் ஜையன்ட்ஸ் தலைவராக்கப்பட்டார். ஒப்பந்த வேலைகள் அனைத்தையும் ஒருங்கிணைக்க ஒரே நிறுவனம் நியமிக்கப்பட்டது. கூகுளில் இருந்து வந்த பொறியாளர் மைக்கி டிக்கர்சன், தினமும் காலையிலும் மாலையிலும் நடந்த கூட்டங்களுக்கு மூன்று விதிகள் வைத்தார்:

- கூட்டம் பிரச்சினையைத் தீர்க்க மட்டுமே. பழி போட வேறு இடம் பாருங்கள்.
- விஷயம் தெரிந்தவரே பேச வேண்டும். பெரிய பதவியில் இருக்கிறார் என்பதற்காக யாரும் பேச வேண்டாம்.
- அடுத்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பாதிக்கக்கூடிய பிரச்சினையை மட்டும் முதலில் பாருங்கள்.

நவம்பர் இறுதிக்குள் 400-க்கும் மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டன. ஒரே நேரத்தில் 50,000 பேர் பயன்படுத்தும் அளவுக்குத் தளம் தேறியது. 2014 ஏப்ரலில், மாநிலத் தளங்களையும் சேர்த்து, பதிவு செய்தவர்கள் 80 லட்சம் பேர்!

பாடமும் வீணாகவில்லை. அரசின் மற்ற தளங்களையும் சீர்செய்ய 2014 ஆகஸ்டில் 'யு.எஸ். டிஜிட்டல் சர்வீஸ்' என்ற தனிப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைவரானவர் அதே டிக்கர்சன்தான். எங்கே சறுக்கியது என்பதை அலசி, சுகாதாரத்துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2016-ல் அறிக்கையும் வெளியிட்டது. தெளிவான தலைமை இல்லாததை அது முக்கியக் காரணமாகச் சுட்டிக்காட்டியது.

நம் குழுவில் கேட்க வேண்டிய கேள்விகள்

சின்னத் திட்டமோ பெரிய திட்டமோ, தொடக்க விழாவுக்கு நாள் குறிக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். மொத்தத்துக்கும் பொறுப்பு யார்? விண்ணப்பதாரர் போலவே முதல் படி முதல் கடைசி படி வரை யாராவது செய்து பார்த்தார்களா? "இன்னும் ரெடி இல்லை சார்" என்று ஒரு இளநிலை ஊழியர் சொன்னால், அவருக்குக் கிடைப்பது திட்டா, நன்றியா?

மூன்றாவது கேள்விக்கான பதிலில்தான் உண்மையான தலைமை தெரியும். ஏனென்றால் நாம் கேட்க மறுத்த கெட்ட செய்தியை, கடைசியில் வரிசையில் நிற்கும் பொதுமக்கள்தான் வந்து சொல்வார்கள்.