எட்டுக் குழந்தைகள், ஏழு மாலைகள்

“ஜெபம் செய்ய எனக்கு எங்கே பொழுது இருக்கிறது?” என்று ஒரு முறையாவது கேட்காத கிறிஸ்தவக் குடும்பஸ்தர் உண்டா? காலையில் காப்பி, பலகாரம், குழந்தைகளின் பள்ளிக்கூடம், ஆபீஸ் அவசரம். மாலையில் சமையல், வீட்டுக் கணக்கு, வந்து போகிறவர்களுக்கு உபசாரம். போதாக்குறைக்குச் சட்டைப் பையில் இருக்கும் டெலிபோன் வேறு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறது! ராத்திரி தலையணையில் தலை சாயும்போதுதான் ஆண்டவன் நினைவு வருகிறது. அதற்குள் தூக்கம் முந்திக்கொண்டு விடுகிறது.

வேதத்தில் மார்த்தாள், மரியாள் என்று இரண்டு சகோதரிகள் வருகிறார்கள் அல்லவா? இயேசு வீட்டுக்கு வந்தபோது மரியாள் அவர் காலடியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மார்த்தாளோ வேலை மும்முரத்தில் தவித்தாள். மரியாளே நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்றார் இயேசு. ஆனால் நம் பெண்மணிகளின் மனத்துக்குள் ஒரு கேள்வி இருக்கத்தான் செய்கிறது: “இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டால் சோறு வடிப்பது யார்?”

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்க்கையாலேயே பதில் சொன்ன தாயார் ஒருவர் உண்டு. அவர் பெயர் ஸூஸன்னா வெஸ்லி.

கஷ்ட ஜீவனம்

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில் பாதிரியாராக இருந்தவர் ஸாமுவேல் வெஸ்லி. அவருடைய மனைவிதான் 1669-ல் பிறந்த இந்த அம்மையார். பெற்றது பத்தொன்பது குழந்தைகள். அவர்களில் ஒன்பது பேரைச் சிசுப் பருவத்திலேயே பறிகொடுத்தார்.

கணவர் நல்ல படிப்பாளி. ஆனால் பணம் அவர் கையில் தங்காது. 1705-ல் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் லிங்கன் கோட்டைச் சிறைக்கே போய்விட்டார். அனுப்புவதற்கு வேறு ஒன்றுமில்லாததால் மனைவி தம் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார்!

1709 பிப்ரவரியில் ஓர் இரவு வீடு தீப்பற்றி எரிந்தது. மாடியில் சிக்கிக்கொண்ட ஐந்து வயதுச் சிறுவன் ஜானை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று ஜன்னல் வழியாகக் கடைசி நிமிஷத்தில் இறக்கினார்கள்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார் அந்தத் தாயார். காலையில் மூன்று மணி நேரம், பிற்பகலில் மூன்று மணி நேரம். ஐந்து வயது நிறைந்ததும் அரிச்சுவடி. அது முடிந்த கையோடு ஆதியாகமத்தின் முதல் வாக்கியம். ஆகவே, வேலையைக் கீழே போட்டுவிட்டு ஜெபிக்கப் போனவர் அல்ல இந்த அம்மையார்.

தரங்கம்பாடிச் செய்தி

இந்த இடத்தில்தான் கதை நம் ஊருக்கு வருகிறது.

டென்மார்க் அரசர் அனுப்பி வைத்த சீகன்பால்கு, புளுட்சோ என்ற இரு பாதிரிமார்கள் 1706-ம் வருஷம் ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். அங்கே சீகன்பால்கு தமிழ் கற்றதும், பின்னர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டதும் நாம் அறிந்த செய்திகள். அவர்கள் எழுதிய கடிதங்கள் ஐரோப்பா போய், இங்கிலீஷிலும் புத்தகமாக வெளிவந்தன. அந்தப் புத்தகம் எப்வொர்த் பாதிரியாரின் படிப்பறையில் கிடந்தது.

கணவர் லண்டனுக்குப் போயிருந்த சமயம், மூத்த மகள் எமிலி அதை எடுத்து வந்தாள். கேட்ட தாயாரின் உள்ளம் உருகிவிட்டது. பல நாட்கள் வேறு நினைவே ஓடவில்லையாம். தாம் ஆணும் அல்ல, பாதிரியாரும் அல்ல; கடல் கடந்து போக முடியாது. ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏதாவது செய்யலாமே என்று தோன்றியது. 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

முதலில் எங்கே தொடங்கினார் தெரியுமா? தம் சொந்தக் குழந்தைகளிடம்! தினம் மாலையில் ஒரு குழந்தையைத் தனியாக அழைத்து வைத்துக்கொண்டு அதன் ஆத்ம விஷயங்களைப் பேசுவது என்று முறை வகுத்தார். திங்களன்று மாலி, செவ்வாயன்று ஹெட்டி, புதனன்று நான்ஸி, வியாழனன்று ஜாக்கி. வெள்ளியன்று பாட்டி. (கிழவி என்று எண்ணிவிடாதீர்கள்! அது மார்த்தா என்ற பெண்ணின் செல்லப் பெயர். அப்போது அவளுக்கு வயது ஐந்து.) சனியன்று சார்லஸ். எட்டுக் குழந்தைகளுக்கு ஏழு மாலைகள்தானே? ஆகவே, ஞாயிறு எமிலிக்கும் ஸுக்கிக்கும் பொதுவானது.

நாள் முழுவதையும் அவர் ஒதுக்கவில்லை. வேலை நடுவே எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான். ஆனால் அந்தப் பொழுது அந்தக் குழந்தைக்கே சொந்தம்.

இருநூறு பேர்

ஞாயிறு மாலைகளில் குழந்தைகளுக்கும் வேலைக்காரர்களுக்குமாக வீட்டில் ஜெபமும் வாசிப்பும் நடந்தன. வேலைக்காரப் பையன் ஒருவன் போய்த் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்களும் வந்தார்கள். அண்டை அயலார் தொடர்ந்தார்கள். சில வாரங்களில் இருநூறு பேருக்கு மேல் கூடி, இடமில்லாமல் பலர் திரும்பிப் போகும்படி ஆயிற்று!

உதவிப் பாதிரியாருக்குப் பொறுக்குமா? லண்டனுக்குப் புகார் பறந்தது. நிறுத்திவிடும்படி கணவர் எழுதினார். மனைவி அடக்கமாகவே பதில் எழுதினார். ஆனால் உறுதியாக எழுதினார். விருப்பம் என்று சொன்னால் போதாது, கட்டளையாகவே அனுப்புங்கள். அப்போதுதான் நல்லது செய்ய வாய்த்த சமயத்தைக் கைவிட்ட குற்றம் இறைவன் சந்நிதியில் என்னைச் சேராது என்பது அதன் சாரம். கூட்டம் நிற்கவில்லை.

மறக்காத வியாழக்கிழமை

எல்லாக் குழந்தைகளின் வாழ்வும் இனித்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கவிதை எழுத வல்ல ஹெட்டியின் மண வாழ்க்கை துயரமாகவே முடிந்தது. தாயாரின் மாலைப் பேச்சு வருங்காலத் துன்பங்களை விரட்டும் தாயத்து அல்லவே!

ஆனால் வியாழக்கிழமைச் சிறுவன் ஜாக்கி அதை மறக்கவில்லை. ஜான் வெஸ்லியாக வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக இருந்த காலத்தில், அன்று தமக்கென்று ஒதுக்கிய வியாழன் மாலையின் சிறு பகுதியை இப்போதும் தமக்காகத் தரலாகாதா என்று தாயாருக்கு எழுதிக் கேட்டார். தீயிலிருந்து மீண்ட அதே பிள்ளைதான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தின் தலைவரானார். சனிக்கிழமைச் சார்லஸ் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஞானப் பாடல்களை இயற்றினார்.

வெஸ்லியன் மிஷனரிகள் 1814-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1817-ல் சென்னைக்கும் வந்தார்கள். தரங்கம்பாடியிலிருந்து போன செய்திக்கு, ஒரு நூற்றாண்டு கழித்துத் தமிழ் நாட்டுக்கு வந்த பதில் என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

எல்லா வேலையும் முடிந்த பிறகு மிஞ்சும் பொழுதை ஆண்டவனுக்குக் கொடுக்கலாம் என்று ஸூஸன்னா அம்மையார் காத்திருந்தால், அந்தப் பொழுது மிஞ்சியே இருக்காது. அவர் முதலில் அதற்கு ஒரு நாளும் வேளையும் குறித்தார். மற்ற வேலைகளை அதைச் சுற்றி அமைத்துக்கொண்டார். நம் வீடுகளில் எட்டுக் குழந்தைகள் இல்லை. இருக்கும் ஒன்றிரண்டு பேருக்கு, டெலிபோனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, வாரத்தில் ஒரு மாலையாவது ஒதுக்க முடியாதா என்ன? எந்தக் கிழமை என்பதை மட்டும் இன்றைக்கே தீர்மானித்துவிடுங்கள்!