சேலை தந்த பாடம்

"ஐயோ, காப்பாற்றுங்கள்!" கரையிலே எழுகிறது கூக்குரல். கேட்டவன் கல்நெஞ்சனல்ல. உள்ளம் பதறுகிறது, கால் துடிக்கிறது, பாய்கிறான் நீரிலே! மறுகணம் தத்தளிப்பவர் ஒருவரல்ல, இருவர். இருவரை மீட்க மூன்றாமவன், மூவரை மீட்க நான்காமவன்! அந்தோ, அன்பே அழிவுக்கு வழியாகிறது!

கற்பனையல்ல, நண்பர்களே! 2022 ஜூன் 5. கடலூர் மாவட்டத்துக் கெடிலம் ஆற்றிலே, தடுப்பணையருகே நீராடப் போன பெண்டிரும் சிறுமியருமாக எழுவர் மாண்டனர். சிக்கியவரை மீட்கப் போனவரும் அந்த எழுவரில் அடக்கம். 2023 ஏப்ரல் 5. சென்னையை அடுத்த மூவரசம்பட்டுக் குளத்திலே தீர்த்தவாரி. ஒருவர் மூழ்கினார், உதவிக்குப் பாய்ந்தனர் உடனிருந்தோர். கரை சேர்ந்தவை ஐந்து இளைஞரின் உடல்கள்!

"ஆறு காவு வாங்கிவிட்டது" என்கிறார்கள். "விதி" என்று பெருமூச்சு விடுகிறார்கள். காவு கேட்க ஆற்றுக்கு வாய் உண்டா? விதியல்ல அது. அறியாமை! நீரின் ஆழம் அறியாமை, மூழ்குபவன் நிலை அறியாமை.

மூழ்குபவன் கத்துவான், கையாட்டி அழைப்பான் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படியில்லை. மூச்சுக்கே வாய் போதாதவனுக்குப் பேச்சு ஏது? எட்டியதைப் பற்றுவான். எட்டியது காக்க வந்தவன் கழுத்தென்றால், கழுத்தைத்தான்! நன்றி கெட்ட செயலா? இல்லை. காற்றுக்குத் தவிக்கும் உடலுக்கு, வந்தவன் தோளே படிக்கட்டு. அவனை அழுத்தித்தான் இவன் தலை மேலெழும். நீச்சல் தெரிந்தவனும் அந்தப் பிடியிலே அடங்கிப்போவது அதனால்தான்.

"அப்படியானால் கைகட்டி வேடிக்கை பார்க்கச் சொல்கிறீரோ?" என்று சீறுவோர் உண்டு. சீற்றம் நியாயமே! விடை எம்மிடமில்லை. பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை அணையிலே இருக்கிறது.

2020 ஆகஸ்டில் அங்கே இளைஞர் நால்வர் நீரில் சிக்கினர். அருகிலிருந்த பெண்கள் மூவர், உடுத்திய சேலையை அவிழ்த்து வீசினர்! யார் பார்ப்பார், என்ன சொல்வார் என்ற தயக்கமில்லை. பற்றினர் இருவர், பிழைத்தனர். மற்ற இருவரை மீட்க முடியவில்லை. ஆனால் மீட்கப்போன மூவரும் வீடு திரும்பினர். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது தந்தது. விருது பெற்றது வீரம் மட்டுமா? விவேகமும்தான்!

கற்போம் அந்தப் பாடத்தை! முதலில் கூவி ஆள் கூட்டுவோம், 112-ஐயோ 108-ஐயோ அழைக்கச் செய்வோம். கரையிலே படுத்துக்கொண்டு கம்பை நீட்டுவோம். எட்டாவிட்டால் கயிறு, வேட்டி, சேலை, மூடிய காலிக் கேன், லாரி டியூப், கையில் கிடைத்ததை வீசுவோம். மீட்பு தெரியாதவர் நீரில் இறங்க வேண்டாம். கரையேறியவருக்கு மூச்சில்லையேல், வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்தி உயிரூட்டும் முறையையும் பயில்வோம்.

உலக நல்வாழ்வு நிறுவனத்தின் கணக்கிலே, 2021-இல் நீரில் மூழ்கி மாண்டோர் ஏறத்தாழ 3 லட்சம் பேர். பாதுகாப்பாக மீட்கும் பயிற்சியை மக்களுக்குத் தாருங்கள் என்று அந்நிறுவனமே சொல்கிறது. கேட்கிறோம்: படித்துறைதோறும் ஒரு கயிறும் ஒரு மிதவையும் வைக்க எவ்வளவு செலவாகும்? பள்ளிதோறும் இந்தப் பாடத்தை நடத்த எத்தனை மணி நேரமாகும்?

உயிரைக் கொடுப்பது தியாகம், மறுக்கவில்லை. உயிரையும் காத்துத் தானும் கரையில் நிற்பது அதனினும் பெரிது. வீட்டிலே அவனுக்காகவும் ஒரு தாய் காத்திருக்கிறாள்!