காலடிக்குக் காத்திருக்கும் தெள்ளு

விசுவமடுவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய நாய்க்கு மூன்று வயது. வாலடியில் மயிர் கொட்டி, தோல் கறுத்துத் தடித்துவிட்டதாம். இரவிரவாகத் தன்னையே கடித்துக்கொண்டு கிடக்கிறது. அயலவர் சொல்லி, கராஜிலிருந்து கழிவு ஒயில் வாங்கி இரண்டு தரம் பூசியும் பார்த்துவிட்டார். "தெள்ளு இருக்கோ எண்டு தேடிப் பாத்தனான், ஒண்டும் இல்லை. சாப்பாட்டில ஏதும் பிழையோ?" என்று கேட்கிறார்.

கடிதத்தில் என் கண் நின்ற இடம் "வாலடி" என்ற சொல். இடுப்பு, வாலடி, பின்தொடை ஆகிய இடங்களில் நாய் தன்னைக் கடித்தால் முதலில் தெள்ளைத்தான் சந்தேகிக்க வேண்டும். காது, முகம், கால்விரல் இடுக்கு, கக்கம் என்று சொறிந்தால் வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளோ பூந்துகளோ ஒவ்வாமல் இருக்கலாம். காதோரமும் முழங்கையும் பொருக்குத் தட்டி, வீட்டுப் பிள்ளைகளுக்கும் கடி தொடங்கினால் அது ஒவ்வாமை இல்லை, தொற்றும் சொறி. மிருக வைத்தியர் தோலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். சாப்பாட்டு ஒவ்வாமையும் உண்டுதான். ஆனால் அதைக் கண்டுபிடிக்க, நாய் இதுவரை தின்னாத ஓர் இறைச்சியை மட்டும் சோற்றோடு எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது ஒரு கருவாட்டுத் தலையை எறிந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

நம் பக்கத்தில் அரிப்பையும் "கடி" என்போம், பல் படுவதையும் "கடி" என்போம். இந்த நாயின் விடயத்தில் இரண்டும் ஒன்றே. தெள்ளு இரத்தம் குடிக்கும்போது அதன் எச்சில் தோலுக்குள் போகிறது. அந்த எச்சிலிலுள்ள புரதங்கள் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. உடம்பு நிறையத் தெள்ளோடு பேசாமல் படுத்துக் கிடக்கும் நாயும் உண்டு. ஒன்றிரண்டு கடி பட்டதற்கே நாட்கணக்கில் துடிக்கும் நாயும் உண்டு. துடிக்கும் நாய் மயிரைக் கடித்து நக்குகிறபோது தெள்ளையும் விழுங்கிவிடும். அதனால்தான் தேடியவருக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு தரம் ஒத்துக்கொண்டது மறுதரம் உயிரையே வாங்கலாம் என்பதை உலகம் விளங்கிக்கொண்டதும் நாய்களால்தான். பிரான்சில் சார்ல்ஸ் ரிஷேயும் போல் போர்ட்டியரும் கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். முதல் தரம் தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதைவிடச் சிறிய அளவு ஏற்றியதும் சற்று நேரத்தில் செத்துப்போனது. 1902இல் அதை அறிவித்தார்கள்; 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. 'அலர்ஜி' என்ற சொல்லை வியன்னாவின் கிளெமன்ஸ் பொன் பிர்க்கே 1906இல் ஆக்கினார். இத்தனை கடன்பட்டிருக்கிறோம், அந்தச் சீவனின் அரிப்பை மட்டும் "நாய் எண்டால் சொறியத்தானே செய்யும்" என்று விட்டுவிடுகிறோம்.

இனி, என்னை ஆண்டுக்கணக்காகப் பிடித்து வைத்திருக்கும் விடயத்துக்கு வருகிறேன். அம்மாவின் வைத்தியத்துக்காக நாங்கள் ஆறு கிழமை வவுனியாவில் நிற்க வேண்டி வந்தது. தர்மபுரத்து வீட்டைப் பூட்டினோம், நாயை மாமா வீட்டில் விட்டோம். திரும்பி வந்து கதவைத் திறந்து விறாந்தையில் நாலு அடி வைத்திருப்பேன். வெள்ளைச் சாரத்தின் கரையில் கறுப்புப் புள்ளிகள் துள்ளின. நாயே இல்லாத வீட்டில் இவை எதைத் தின்று உயிரோடு இருந்தன?

ஒன்றையும் தின்னவில்லை. பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது முட்டை வரை இடும். முட்டை நாயில் ஒட்டாது. உப்புக்கல் போல உதிர்ந்து, நாய் படுக்கும் இடமெல்லாம் சிந்தும். தாய் தனக்குத் தேவையானதைவிட அதிகம் இரத்தம் குடித்து, பாதி செரித்ததைக் கறுப்புத் துகளாகக் கழிக்கிறது. அந்தத் துகள்தான் முட்டையிலிருந்து வரும் புழுவுக்குச் சாப்பாடு. வெளிச்சத்துக்குக் கூசும் புழு, நிலத்து வெடிப்பிலும் உரப்பைக்குக் கீழேயும் புகுந்து நூல் நூற்றுக் கூடு கட்டும். கூட்டைச் சுற்றி மணலும் தூசியும் ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குப் படாது, தெளிக்கிற மருந்தும் உள்ளே போகாது. உள்ளே தெள்ளு முழுதாக வளர்ந்த பிறகும் வெளியே வராமல் மாதக்கணக்கில் இருக்க வல்லது. நிலம் அதிர வேண்டும், சூடு பட வேண்டும், மூச்சுக்காற்று வர வேண்டும். அப்போதுதான் உடைத்துக்கொண்டு பாயும். கோடை முழுக்கக் காய்ந்து கிடந்த வயலில் முதல் மழைக்குக் கோரை தலைகாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புதிதல்ல. மழைக்குப் பதில் இதற்கு என் காலடி.

ஆகவே நாயின் மேல் நாம் காணும் தெள்ளு மொத்தத்தில் ஒரு சின்னப் பங்குதான். மிச்சம் முட்டையாக, புழுவாக, கூடாக நம் நிலத்தில் கிடக்கிறது. ஈரப்பதம் இல்லாவிட்டால் புழு காய்ந்து செத்துவிடும். மாரியில்தான் கூடிய கவனம் வேண்டும்.

பூனை வேறு மாதிரி. அது சொறிவதை நீங்கள் காணவே மாட்டீர்கள். ஒதுங்கிப் போய் நக்கும். வயிற்றில் மயிர் வழித்தது போல இருக்கும். கழுத்தையும் முதுகையும் தடவினால் குரக்கன் மணி போலச் சின்னச் சின்னப் பொருக்குகள் விரலில் தட்டும். அதுதான் அடையாளம்.

கழிவு ஒயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதில் எரிந்த எண்ணெயோடு உலோகங்களும் கலந்திருக்கின்றன. புண்பட்ட தோலைச் சுடும். நாய் நக்கி விழுங்கினால் உள்ளுறுப்பைக் கெடுக்கும். நெல்லுக்கு அடிக்கும் மருந்தைக் கரைத்து நாயைக் குளிப்பாட்டுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். வாயில் நுரை தள்ளி, உடம்பு உதறி, அந்த நாய்கள் செத்ததையும் கண்டிருக்கிறேன். நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் சேர்ந்த தெள்ளு மருந்து பூனையைக் கொன்றுவிடும். பூனைக்கு அரைப் பனடோலும் நஞ்சு. அரிப்பை அடக்கும் ஸ்டீரொயிட் குளிசை உடனே குணம் காட்டும். வைத்தியர் சொல்லாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் வேறு வருத்தங்களை இழுத்துவரும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் என்றால் அரச மிருக வைத்தியரிடம் ஓடுகிறோம். நாயைக் கொண்டுபோக மட்டும் வெட்கப்படுகிறோம். இடப்பெயர்வுகளில் நாய்களை விட்டுவிட்டு வர நேர்ந்தவர்கள் நாங்கள். இன்று வாசலில் படுத்திருக்கும் நாய்க்காவது ஒரு நாள் ஒதுக்கலாம்.

விசுவமடு அக்காவுக்கு: நாளை ஈரமான வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, அதன்மேல் நாயை நிறுத்தி, வாலடியைப் பேன் சீப்பால் வாருங்கள். விழும் கறுப்புத் துகளைச் சுற்றிச் செம்மண் நிறம் ஊறினால் அது தெள்ளு கழித்த இரத்தம். அந்தத் தாளோடு நாயையும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அவர் தரும் மருந்தை வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும், பூனைக்கென்று தருவதைப் பூனைக்கும், ஒரே நாளில் தொடங்குங்கள். மூன்று மாதமாவது விடாமல் கொடுங்கள். கூட்டுக்குள் இருப்பவை வெளிவந்து தீர அவ்வளவு காலம் பிடிக்கும். நாய் படுக்கும் சாக்கைச் சுடுநீரில் அலசி வெயிலில் போடுங்கள். கட்டிலுக்குக் கீழேயும் விறகுக் குவியல் ஓரத்திலும் தினமும் கூட்டி, குப்பையை எரியுங்கள். மயிர் முளைக்கச் சுணங்கும். அதற்கு முன்னரே ஓர் இரவு அது எழும்பாமல் விடியும்வரை தூங்கும். அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.